கட்டுப்போட்ட கைகளும் என் கைப்பிரதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகி எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாமியாருக்காக இரவு பகலாகக் காத்துக் கிடந்தவரிடம், முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து, கண்ணை மூடச் சொல்லி, சத்தமாக ஜெபித்து, "விசுவாசித்தால் பிழைத்துக்கொள்வார்" என்று சொல்லி, கையில் ஆளுக்கொரு கைப்பிரதியை (சுவிசேஷம் அச்சடித்த துண்டுத்தாளை) கொடுத்துவிட்டுப் போனார்களாம். "நான் சாப்பிட்டேனா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்று முடித்திருந்தார். அதற்குப் பதிலாகப் புதன்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, சுவிசேஷம் சொல்வது எங்கள் கடமை, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றது. இன்னொன்று, எல்லாரும் அவரவர் மதத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றது.

நான் கிறிஸ்தவள். பரம்பரைக் கிறிஸ்தவள். ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த இரண்டு கடிதங்களோடும் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் முதலில் அந்த வாசகியிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கு பேரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் வாலிபர் குழுவிலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு மருத்துவமனைக்குப் போவோம். வார்டு வார்டாகக் கைப்பிரதி கொடுப்போம். எத்தனை கொடுத்தோம் என்று கணக்கு உண்டு, அதை ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள், எங்கள் குழுவின் எண்ணிக்கை அதிகம் என்றால் எனக்கு ஒரு பெருமை. ஒரு சனிக்கிழமை, தீக்காயப் பிரிவில் ஒரு பெரியவர். இரண்டு கைக்கும் முழங்கை வரை கட்டு. நான் சிரித்த முகத்தோடு கைப்பிரதியை நீட்டினேன். அவர் தன் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்க முடியாதேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைத் தலையணை ஓரத்தில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு பெண், அவர் தலையைத் தாங்கிப் பிடித்து டம்ளரால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். டம்ளர் எனக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவருக்குத் தாகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் கணக்கில் ஒன்று, அவ்வளவுதான்.

இதைச் சொல்வது கைப்பிரதி அச்சடிப்பதே பாவம் என்பதற்காக அல்ல. காகிதத்தைப் படித்து வாழ்க்கை மாறியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பேச்சிலேயே எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்பதுதான் விஷயம். சபை வட்டாரத்தில் "ஆத்தும ஆதாயம்" என்று ஒரு சொல் சர்வசாதாரணமாகப் புழங்கும். ஒருவரை விசுவாசத்துக்குள் கொண்டுவருவதற்குப் பெயர் அது. ஆதாயம் என்பது கணக்கு நோட்டில் வருகிற சொல். வரவு, செலவு, ஆதாயம், நஷ்டம். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷரைப் பார்க்கப் போனால், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு எண் வந்து நின்றுகொள்கிறது. எனக்கு நின்றது.

அதே வட்டாரத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: சாட்சி. இது எவ்வளவோ நல்ல சொல், ஆனால் இதையும் நாங்கள் கெடுத்து வைத்திருக்கிறோம். கோர்ட்டில் சாட்சிக்கு என்ன வேலை? கண்டதைச் சொல்வது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது. கூண்டில் ஏறின சாட்சி வக்கீல் மாதிரி வாதாடத் தொடங்கினால், அதற்கப்புறம் அவர் பார்த்ததாகச் சொல்வதைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். எங்களில் பாதிப் பேர் வக்கீல்கள். சிலர் நீதிபதியாகவே ஆகிவிட்டார்கள், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

கடமை என்று எழுதிய சகோதரருக்கு ஒரு வசனத்தை நினைவுபடுத்துகிறேன், அவருக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். பைபிளில், இயேசுவின் சீடர் பேதுரு எழுதின முதலாம் நிருபம் (கடிதம்), 3-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். உங்களில் இருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்துத் தமிழில் உத்தரவு என்றால் பதில், மறுமொழி. இன்றைக்கு உத்தரவு என்றால் ஆணை. சில நேரம் எனக்குத் தோன்றும், நாங்கள் அந்த வசனத்தை இன்றைய தமிழில் படித்துவிட்டுக் கிளம்பிவிட்டோமோ என்று. கண்ணை மூடு, முழங்கால் போடு, விசுவாசி! வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் முழுக்க வேடிக்கை இல்லை. அந்த வசனத்தில் முதலில் வருவது "கேட்கிறவர்கள்". யாரோ கேட்க வேண்டும். கேட்கும்படியாக ஏதோ ஒன்று அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

ஆதித் திருச்சபை பரவினதில் இது நிறையவே நடந்திருக்கிறது. எகிப்தில் பக்கோமியுஸ் என்று ஒரு இளைஞர். 312-ஆம் ஆண்டு வாக்கில் அவரைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். புதிதாகப் பிடித்தவர்கள் ஓடிவிடக் கூடாதென்று தேபை நகரில் சிறையில் அடைத்து வைத்தார்கள். இரவில் அந்த ஊர்க்காரர்கள் சிலர் சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தார்கள். இவர்கள் யார், நம்மை யாரென்றே தெரியாதவர்கள் எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று பக்கோமியுஸ் விசாரித்தார். கிறிஸ்தவர்கள், எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது. அவ்வளவுதான் அன்றைக்குக் கிடைத்த பிரசங்கம். படையிலிருந்து விடுபட்டதும் ஞானஸ்நானம் பெற்று, பின்னாளில் துறவிகள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் மடங்களை ஏற்படுத்தி, உலகத் துறவற வரலாற்றையே மாற்றியவர் அவர். சாப்பாடு கொண்டு வந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இவன் நாளைக்குப் பெரிய ஆளாவான் என்று கணக்குப் போட்டு அவர்கள் வந்திருக்கவும் முடியாது.

ஐம்பது வருடம் கழித்து ரோமப் பேரரசர் ஜூலியன். கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர். 361 முதல் 363 வரைதான் ஆட்சி. அவர் தன் பூசாரி ஒருவருக்கு எழுதியதாகக் கிடைத்திருக்கும் கடிதத்தில் ஒரு புலம்பல் வருகிறது: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்கு வெட்கக்கேடு, ஆகவே நீங்களும் ஊர் ஊராக விடுதி கட்டுங்கள், தானியம் அனுப்புகிறேன் என்று. எங்கள் போதகர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், எதிரியே சாட்சி கொடுத்தான் பாருங்கள் என்று. எனக்கோ இதைப் படிக்கும்போது வேறொன்று உறுத்தும். ஜூலியன் அன்பைப் பார்த்தார், அதை ஒரு உத்தியாகப் புரிந்துகொண்டார். இதைச் செய்தால் கூட்டம் சேரும், நாமும் செய்வோம். இன்று எங்கள் கூட்டங்களில் "அன்பு காட்டினால் எளிதில் ஆதாயப்படுத்தலாம்" என்று வகுப்பு எடுக்கிறவர்கள் பேதுருவிடம் படித்தவர்களா ஜூலியனிடம் படித்தவர்களா என்று சந்தேகம் வருகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பேசுவதை நிறுத்திவிட்டு நல்லது செய்யுங்கள், அதுவே பிரசங்கம் என்று சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. அது பாதி உண்மை. தூண்டிலில் புழுவுக்குப் பதிலாக அன்பைக் கோர்த்தாலும் அது தூண்டில்தான். மீனுக்கு வித்தியாசம் தெரியும். நோயாளியின் பக்கத்தில் போய் உட்காருகிறோம், பழம் வாங்கிக் கொடுக்கிறோம், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறோம், மூன்றாவது வாரம் "ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாருங்களேன்" என்கிறோம், வரவில்லை என்றால் நான்காவது வாரம் நாம் போவதில்லை. அந்த நான்காவது வாரம்தான் நம் முதல் மூன்று வாரங்களுக்கு விளக்கவுரை. அவர் அதைச் சரியாகவே வாசித்துக்கொள்வார்.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசுவாசத்தைப் பற்றி அவருக்கு மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. சபையில் சாட்சி சொல்ல எழுப்பினால் அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் குடியிருந்த தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிறந்து பத்து நாளில் குழந்தை இறந்துபோயிற்று. வேற்று மதத்துப் பெண். அத்தை தினமும் சாயங்காலம் அங்கே போவார். போய்த் துவைத்த துணிகளை மடித்து வைப்பார், பாத்திரம் கிடந்தால் கழுவுவார், பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். இருட்டியதும் எழுந்து வந்துவிடுவார். இரண்டு மாதமோ என்னவோ நடந்தது. என் மாமாவே கேட்டிருக்கிறார், ஒரு வசனமாவது சொன்னாயா என்று. இல்லை என்றாராம்.

வருடங்கள் கழித்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே, அந்தப் பெண் அத்தையிடம் கேட்டார்: "அக்கா, அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். கர்மா என்றார்கள், கடவுள் சித்தம் என்றார்கள், இன்னொன்று பிறக்கும் என்றார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?" அத்தை கொஞ்சம் யோசித்து, "சொல்லத் தெரியலம்மா. அதான் வந்து உட்கார்ந்தேன்" என்றார். "ஏதாவது சொல்லியிருந்தால் உங்களையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன்" என்று அந்தப் பெண் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றதும், "உங்கள் சாமி அப்படித்தான் வந்து உட்காருமா?" என்று கேட்டார். அத்தைக்குப் பேச வராது என்றேன் அல்லவா, அன்றைக்கு வந்தது. தன் மூத்த மகன் போனது பற்றி, அன்றிரவு தான் யாரிடம் சண்டை போட்டு அழுதது பற்றி, சிலுவையில் தொங்கினவருக்கும் ஒரு அம்மா இருந்தது பற்றி. அரை மணி நேரம்.

அந்தப் பெண் கிறிஸ்தவர் ஆனாரா என்று இதைப் படிக்கும் என் சபைக்காரர்கள் இந்நேரம் கேட்டிருப்பார்கள். சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்வி நம் வாயில் முதலாவதாக வருகிறதே, அதைத்தான் நான் வியாதி என்கிறேன்.

எண்ணிக்கையில் தோற்றுப்போனவர் ஒருவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. சார்லஸ் தெ ஃபூக்கோ. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, மனம்போன போக்கில் வாழ்ந்து, பிறகு துறவியாகி, 1905-இல் சகாரா பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற இடத்தில் துவாரெக் மக்களோடு போய்க் குடியேறினார். அவர்கள் இஸ்லாமியர்கள். அவர்களின் மொழியைக் கற்றார், பாடல்களைத் தொகுத்தார், அகராதி எழுதினார். அது அவர் இறந்து பல காலம் கழித்து நான்கு தொகுதிகளாக அச்சேறியது. 1908 தொடக்கத்தில், பஞ்ச காலம், தன்னிடம் இருந்ததையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு நோயில் விழுந்து சாகக் கிடந்தார். அந்தப் பஞ்சத்திலும் எங்கெங்கோ தேடி ஆட்டுப்பால் கொண்டு வந்து கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தவர்கள் அந்த துவாரெக் மக்கள்தான். கொடுக்க வந்தவர் வாங்க வேண்டியதாயிற்று. அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் அதுதான் என்று எனக்குப் படுகிறது, கொடுக்கிற கை எப்போதும் மேலேயே இருந்தால் அங்கே நட்பு வராது. (பிரெஞ்சு ராணுவத்தோடு அவருக்கு இருந்த நெருக்கத்தை விமர்சிக்கிறவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. புனிதர் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.) 1916 டிசம்பர் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கென்று ஒரு சபை இல்லை, கூட வாழச் சீடர்கள் இல்லை. 1933-இல்தான் அவரைப் பின்பற்றி முதல் சகோதரர் குழு கிளம்பியது. எங்கள் வாலிபர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் அவர் பெயர் கடைசியில் வந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் எங்கள் வரலாற்றில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு அன்பைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மேல் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். அரசாங்கத்தின் திட்டம், நடத்தியவை பெரும்பாலும் சபைகள். தாய்மொழி பேசினால் தண்டனை. அடி, பட்டினி, பாலியல் கொடுமை, திரும்பி வராமலே போன பிள்ளைகள். அங்கேயும் காலையில் ஜெபம் நடந்தது, சுவரில் சிலுவை இருந்தது, சுவிசேஷமும் போதிக்கப்பட்டது. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் அந்த மண்ணுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். வேறு சபைகள் முன்பே கேட்டிருந்தன. வார்த்தைகள் சரியாக இருந்தும் ஒரு பிள்ளையின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஜீவன் உண்டாகவும் அது பரிபூரணப்படவும் வந்தேன் என்றவரின் பெயரால் நாம் ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம். நாம் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் மூச்சு கொஞ்சம் லேசாகிறதா, கனமாகிறதா என்று பார்த்தால் போதும், வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சரி, வீட்டுக்குள் பூட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியவருக்கு. உங்கள் எரிச்சல் புரிகிறது. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் பூப்போட்ட வசனம் அனுப்பிவிட்டு, எட்டு மணிக்கு அதே குழுவில் அடுத்தவர் நம்பிக்கையைக் கேவலமாகப் பேசுகிற உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். ஆனால் பூட்டிக்கொள்ள முடியாது. உயிர்போகிற நேரத்தில் என்னைத் தாங்கிப் பிடித்த ஒன்றைப் பற்றி, நீங்கள் கேட்டும் நான் சொல்லாவிட்டால் அது பணிவில்லை, கோழைத்தனம். அதையும் செய்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி, விவாகரத்து வழக்கில் உடைந்துபோயிருந்த சமயம், மதிய இடைவேளையில் நான் கண்மூடி ஜெபிப்பதைப் பார்த்து, "உண்மையாகவே யாராவது கேட்கிறார்களா?" என்றாள். கிண்டல் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான், "அது சும்மா, சின்ன வயசுப் பழக்கம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். தீக்காயப் பிரிவில் செய்ததற்கு நேர் எதிர்த் தப்பு. அங்கே கேட்காதவருக்குக் கொடுத்தேன், இங்கே கேட்டவளுக்கு மறுத்தேன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தது என்னைத்தான்.

"எப்போதும் சுவிசேஷம் அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்" என்று இத்தாலியத் துறவி அசிசி பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் சுற்றுகிறது. அவர் எழுதியவற்றில் அது எங்கும் இல்லை. அவர் உண்மையில் எழுதியது அதைவிட நல்லது. சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219-இல் எகிப்துக்குப் போய், எதிரிப் படையின் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசிவிட்டு உயிரோடு திரும்பியவர் அவர். 1221-இல் தன் துறவுச் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்கு விதிகளில், இஸ்லாமியர் நடுவே வாழ இரண்டு வழி உண்டு என்கிறார். ஒன்று, வாக்குவாதமோ சண்டையோ செய்யாமல், கடவுளுக்காக எல்லா மனிதருக்கும் கீழ்ப்பட்டிருந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று ஒப்புக்கொண்டு வாழ்வது. மற்றொன்று, அது கடவுளுக்குப் பிரியம் என்று காணும்போது வார்த்தையை அறிவிப்பது. முதல் வழியிலேயே ஒப்புக்கொள்வது இருக்கிறது பாருங்கள், ஒளித்து வைப்பது இல்லை. இரண்டாவதிலும் அவசரம் இல்லை.

ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்டினைப் பற்றியும் ஒரு வரி. இளமையில் அவர் திருச்சபையின் போதனையை ஏற்காமல் வேறு வழியில் போனவர். அவர் அம்மா மோனிக்கா மகனோடு வாதாடச் சொல்லி ஒரு ஆயரைக் கெஞ்சியபோது, அவனை இப்போதைக்கு விடுங்கள், அவனுக்காக ஜெபியுங்கள் என்று அந்த ஆயர் மறுத்துவிட்டார். பல வருடம் கழித்து, 384-இல், மிலான் நகரில் அகஸ்டின் அந்நகர ஆயர் அம்புரோஸைச் சந்தித்தார். அவரை முதலில் உண்மையைப் போதிக்கிறவர் என்பதற்காக அல்ல, தன்னிடம் அன்பாக நடந்துகொண்டவர் என்பதற்காகத்தான் நேசிக்கத் தொடங்கினேன் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார். அதன் பிறகு ஞானஸ்நானத்துக்கு மூன்று வருடம் ஆயிற்று. இன்றைக்கு எங்கள் குழுக்கள் மூன்று வாரம் பொறுப்பதில்லை.

கடைசியாக, சென்ற வாரக் கடிதத்தை எழுதிய சகோதரிக்கு. உங்கள் மாமியார் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நான்கு பேர் சார்பாக நான் மன்னிப்புக் கேட்பதில் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் ராத்திரித் துணைக்கு ஆள் மாற்றிக்கொள்ள யாரும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஓய்வு கிடைத்து இரண்டு வருடமாகிறது, ராத்திரி தூக்கமும் சரியாக வருவதில்லை. இந்தக் கடிதத்தோடு என் தொலைபேசி எண்ணையும் ஆசிரியருக்கு எழுதி அனுப்புகிறேன், அச்சிட வேண்டாம், நீங்கள் கேட்டால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் என்னால் வர முடியும். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குங்கள். கைப்பிரதி எதுவும் கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்